அன்றாடப் புழங்குபொருளும் வடிவமைப்பாளரின் விளையாட்டுணர்வும்: மலைபடுகடாமும் ஜவ்வாது மலை வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

வடிவமைப்பாளருக்கான படைப்பூக்கம் அன்றாட வாழ்விலிருந்து கிடைக்கிறது என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்ட ஒன்று. ஆயினும் அன்றாட வாழ்வின் எந்தக் கூறு அவ்வூக்கத்தைத் தருகிறது என்பது போதிய அளவில் விளக்கப்படவில்லை. பொருளின் புறவடிவமே ஊக்கத்தின் ஊற்று எனக் கொள்ளும் போக்கு வடிவமைப்புத் துறையிலும் புழங்குபொருள் ஆவணப்படுத்தலிலும் காணப்படுகிறது. ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட மலைபடுகடாத்தில் இடம்பெறும் மூங்கிற் கருவிகளையும் தொழில் ஒலிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு கருவி தன் பயனை நிறைவேற்றும்போது அப்பயனுக்கு வேண்டாத ஒன்றும் உடன் தோன்றுகிறது. இங்குப் ‘பயன்மிகை’ எனப்படும் அதனைக் கவனித்துக் கையாள்வதே விளையாட்டுணர்வு என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வடிவமைப்பு, விளையாட்டுணர்வு, புழங்குபொருள், பயன்மிகை, மலைபடுகடாம், தட்டை, ஜவ்வாது மலை.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை இன்றைய திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. சேயாறு இம்மலையில் தோன்றிச் சமவெளிக்கு இறங்குகிறது. மலையின் அடிவாரத்தில் செங்கம் உள்ளது. பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம் பாடும் செங்கண்மா இவ்வூரே என்பது அறிஞர் கொள்கை. நன்னன் சேய் நன்னன் என்னும் தலைவனை இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டு 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், பெறவிருக்கும் கூத்தனுக்கு வழி கூறுவதாக அமைந்துள்ளமையால், மலையும் காடும் வயலும் ஊரும் அவற்றில் வாழ்வோர் செய்யும் தொழில்களும் பாட்டில் அடுத்தடுத்து விரிகின்றன.

இப்பாட்டு இதுவரை பெரும்பாலும் இயற்கை வருணனை, ஆற்றுப்படை மரபு, இசைக்கருவிகள், வட்டார வரலாறு ஆகிய நோக்குகளில் ஆராயப்பட்டுள்ளது. மனிதர் தம் கைக்கு எட்டிய பொருளை எவ்வாறு கருவியாக்கினர், அக்கருவியில் பயனுக்கு அப்பால் எதைக் கண்டனர் என்னும் வடிவமைப்பு நோக்கிலும் இதனைப் பயில இடமுண்டு.

இவ்வாய்வுக்கு இரண்டு வரம்புகள் உள்ளன. மலைபடுகடாம் புலவர் ஒருவர் தலைவனைப் புகழ்ந்து பாடிய செய்யுள். அதனைக் கள ஆய்வறிக்கையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அப்பாட்டின் குறவரையும் இன்று ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரையும் ஒரே மரபினராகக் கொள்ளவும் சான்றில்லை. மலையாளிகளின் வாய்மொழி மரபு, தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் எனக் கூறுகிறது. எனவே நிலமும் அது தரும் பொருள்களும் மட்டுமே இங்கு ஒப்பீட்டுக்கு அடிப்படையாகின்றன.

விளையாட்டு: கோட்பாட்டுப் பின்புலம்

டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹூசிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில் விளையாட்டைப் பண்பாட்டின் அடிப்படைகளுள் ஒன்றாக நிறுவினார். ஆனால் அவர் விளையாட்டை அன்றாட வாழ்வினின்று விலகிய, தனக்கென எல்லையும் விதியும் கொண்ட ஒரு வெளியாகக் கருதினார். பிரெஞ்சு மானிடவியலர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளியிட்ட நூலில் வேறொரு படைப்பு நிலையை விளக்கினார். முன்னரே திட்டமிட்டு, அதற்குரிய பொருள்களைத் தருவித்துச் செய்பவர் பொறியாளர். கையில் இருக்கும் பொருள்களோடு உரையாடி, அவற்றால் இயன்றதைச் செய்பவர் கைவினை முயற்சியாளர். ஹூசிங்காவின் விளையாட்டு அன்றாடத்திற்கு வெளியே நிற்பது. லெவி-ஸ்ட்ராஸின் கைவினை அன்றாடத்தின் உள்ளே நிகழ்வது. தொழிலுக்கு நடுவே விளையாட்டு எவ்வாறு தோன்றுகிறது என்பது இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் வினா.

இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபு துணைசெய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உவகை தோன்றும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கினைக் கூறுகிறது. விளையாட்டு இங்குச் சிறார்க்கு மட்டும் உரியதன்று. மனிதர்க்குப் பொதுவான மகிழ்ச்சியின் காரணங்களுள் ஒன்று. மருட்கை என்னும் வியப்புக்கும் அவ்வியல் நான்கு நிலைக்களன்களைத் தருகிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இவற்றுள் ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாகத் திரிவதைக் கண்டு வியத்தல். வடிவமைப்பின் அடிப்படைச் செயலும் அத்திரிபே.

தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் வரிசையும் நோக்கத்தக்கது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அமையும் அவ்வரிசையில் இசைக்கருவிகள் உணவுக்கும் மரத்துக்கும் தொழிலுக்கும் அருகிலேயே வைக்கப்பட்டுள்ளன. கலைக்கருவியைத் தனி உயர்நிலைப் பொருளாகப் பிரிக்காமல், ஒரு நிலத்தின் அன்றாடப் பொருள்களுள் ஒன்றாகவே அம்மரபு எண்ணியது. ஒரு நிலத்தில் விளைவதும் அங்குச் செய்யப்படும் தொழிலும் அங்கு ஒலிக்கும் பறையும் தம்முள் தொடர்புடையன என்பது அதன் உட்கருத்து.

ஒரு பொருள், பல வடிவம்: மலைபடுகடாத்தில் மூங்கில்

மலைபடுகடாத்தில் மூங்கில் மலைக்காட்சியின் ஓர் உறுப்பாக மட்டும் நிற்கவில்லை. பல பயன்களில் வருகிறது. தேனால் ஆக்கிய கள் மூங்கிற் குழாயில் ஊற்றி முதிரவைக்கப்படுகிறது. உயர்ந்த மலைச்சரிவில் தேனெடுப்போர் ‘மால்பு’ வழியாக ஏறுகின்றனர். இது கணுக்களில் கால் வைத்து ஏறும் கண்ணேணி. மூங்கிலில் விளையும் அரிசி உணவாகச் சமைக்கப்படுகிறது. தினைப்புனத்தில் கிளி கடிவதற்கான ‘தட்டை’யும் மூங்கிலால் ஆனதே.

இப்பயன்களை ஒன்றாக வைத்து நோக்கினால், மூங்கிலின் வெவ்வேறு இயல்புகள் வெவ்வேறு பொருள்களாக மாறியிருப்பது விளங்கும். உள்ளீடற்ற தன்மையும் கணுவின் அடைப்பும் குழாய்க் கலம் ஆகின்றன. கணுவின் புடைப்பு ஏணிப்படி ஆகிறது. நார் நீளவாக்கில் எளிதில் பிளக்கும் இயல்பு தட்டை ஆகிறது. கணு என்னும் ஒரே உறுப்பு கலத்தில் அடிப்பாகமாகவும் ஏணியில் படியாகவும் பயன்படுகிறது. தட்டையிலோ, உரைகாரர் விளக்கத்தின்படி, அதே கணு வெட்டி நீக்கப்படுகிறது. இம்மூன்றும் மூங்கிலைக் கையாண்டு அறிந்த பட்டறிவின் வெளிப்பாடுகள். மூங்கிலை ‘மரம்’ என்னும் பொதுப்பெயரால் மட்டும் அறிந்தவர்க்கு இவ்வேறுபாடுகள் புலப்படா.

வடிவமைப்பாளர்க்கு அன்றாட வாழ்விலிருந்து கிடைக்கும் முதற்கொடை இவ்வறிவே. பொருளின் எதிர்ப்பையும் இணக்கத்தையும் நாள்தோறும் கையால் அறிந்தவர், ஒரு பயனில் கண்ட இயல்பை மற்றொரு பயனுக்கு மாற்றிப் பார்க்க இயலும். இம்மாற்றிப் பார்த்தலே தொல்காப்பியம் கூறும் ஆக்கத்தோடு இயைவது.

தட்டை: கருவியிலிருந்து இசைக்கு

குறிஞ்சிப்பாட்டு தினைப்புனம் காக்கும் மகளிர் கையாண்ட கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் ஆகியவற்றைக் குறிக்கிறது. அவற்றுள் தட்டையின் அமைப்பை நச்சினார்க்கினியர் விளக்கியுள்ளார். மூங்கிலைக் கணுக்களுக்கு இடையே நறுக்கி, பலவாகப் பிளந்து, ஓசை எழுமாறு ஒன்றன்மேல் தட்டுவது அது. செய்முறை மிக எளியது. ஆணியோ கயிறோ தேவையில்லை. ஒரே மூங்கில் துண்டில் கைப்பிடியும் ஒலிப்பகுதியும் அமைந்துவிடுகின்றன.

இக்கருவியின் பயன் ஒன்றே: கிளியை விரட்டுதல். அதற்கு வேண்டுவது பேரொலி மட்டுமே. இனிமையோ தாளமோ வேண்டியதில்லை. ஆயினும் பகல் முழுதும் ஒரே கருவியை ஒரே கை தட்டும்போது ஒலி ஓர் ஒழுங்கைப் பெறுவது இயல்பு. கை தனக்கு எளிதான இடைவெளியைத் தேர்ந்துகொள்கிறது; அவ்விடைவெளியே தாளம் ஆகிறது. கிளியை விரட்டுவதற்கு இத்தாளம் தேவையற்றது. ஆனால் தட்டை தட்டப்படும்வரை அதனைத் தவிர்க்கவும் இயலாது. இவ்வாறு பயனோடு உடன் தோன்றி, பயனுக்குள் அடங்காமல் எஞ்சுவதையே இக்கட்டுரை ‘பயன்மிகை’ என்கிறது.

மலைபடுகடாம் இப்பயன்மிகையைக் காண்பதற்கு அரிய வாய்ப்பைத் தருகிறது. அப்பாட்டின் தொடக்கத்தில் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் வரிசையில் ‘தட்டை’ என்னும் பெயர் இடம்பெறுகிறது. பாட்டின் இடையில், மலையில் எழும் பல்வேறு ஒலிகளைத் தொகுத்துக் கூறும் பகுதியில், புனத்தில் கிளி கடியும் மூங்கில் தட்டை வருகிறது. இசைக்கருவியாகிய தட்டையைக் கரடிகை என்னும் தோற்கருவியாக உரை கொள்கிறது. புனத்துத் தட்டை பிளந்த மூங்கில். இரண்டும் ஒரே பொருள் அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என நிறுவவும் பாட்டில் சான்றில்லை. ஆயினும் ஒரே பாட்டில் காவற்கருவிக்கும் கலைக்கருவிக்கும் ஒரே பெயர் வழங்குவது, கேட்டவரின் செவியில் இரண்டும் உறவுடையனவாக ஒலித்தமையைக் காட்டுகிறது.

குறுந்தொகையின் 193ஆம் பாடல் இவ்வுறவை மேலும் ஒரு படி நகர்த்துகிறது. அங்குச் சுனையில் வாழும் தேரைகளின் ஒலி தட்டைப்பறையின் ஒலிக்கு உவமிக்கப்படுகிறது. புனத்தின் காவல் ஒலியும் கூத்தரின் இசையும் சுனையின் தேரையும் ஒரே பெயரின்கீழ் வந்து சேர்கின்றன. ஒன்றை மற்றொன்றாகக் கேட்கும் இச்செவியே விளையாட்டுணர்வின் தொடக்கம் எனலாம்.

மலையொலிகளைத் தொகுக்கும் அதே பகுதியில் வேறு இரண்டு தொழில் ஒலிகளும் இதனோடு எண்ணத்தக்கன. தினை குற்றும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டு அவற்றுள் ஒன்று. சேம்பும் மஞ்சளும் விளையும் நிலங்களில் காட்டுப்பன்றியை அச்சுறுத்த முழக்கப்படும் பன்றிப்பறை மற்றொன்று. உலக்கை விழும் இடைவெளி பாட்டின் அளவாகிறது; காவல் முழக்கம் பறையின் பெயரைப் பெறுகிறது. மலையில் எழும் இவ்வொலிகளை யானையின் மதமாகிய கடாத்தோடு இயைத்த உருவகத்திலிருந்தே பாட்டு தன் பெயரைப் பெற்றது. அருவி, விலங்கு ஆகியவற்றின் ஒலிகளோடு தொழில் ஒலிகளையும் வேற்றுமையின்றிக் கோத்த புலவர், அன்றாடத்தின் மிகையைத் தம் படைப்பின் தலைப்பாக்கினார் என்று கூறுதல் பொருந்தும்.

சிறுதேரும் நுங்கு வண்டியும்: பயனற்ற பொருளின் பயன்

கருவியில் மிகை துணையாகத் தோன்றுகிறது. விளையாட்டுப் பொருளிலோ மிகையே நோக்கமாகிறது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தச்சர் செய்த சிறுதேர் வருகிறது. சிறுவர் அதில் ஏறிச் செல்வதில்லை. கையால் இழுத்தே மகிழ்கின்றனர். ஏறிச் செல்லுதல் என்னும் தேரின் முதற்பயன் நீக்கப்பட்ட பின்னும் தேர் தேராகவே நிற்கிறது. தேரிலிருந்து எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்பதைத் தச்சர் அறிந்திருந்தார். உருளும் சக்கரம் இருந்தால் போதும். இவ்வாறு குறைத்துப் பார்த்தல் வடிவமைப்பின் இன்றியமையாத பயிற்சி.

சமவெளிச் சிற்றூர்களில் சிறுவர் செய்யும் நுங்கு வண்டி இதே அறிவைத் தச்சரின்றி வெளிப்படுத்துகிறது. நுங்கு எடுத்தபின் எஞ்சும் இரண்டு கூந்தல்கள் சக்கரங்கள். இடையே செருகிய குச்சி அச்சு. கவட்டைக் குச்சி ஒன்று தள்ளுகோல். உணவின் கழிவு ஊர்தியாக மாறுகிறது. உண்ணும்போதே சக்கரத்தைக் கண்ட கண் இதற்குத் தேவை. பொருள் காய்ந்து சுருங்கிவிட்டால் வண்டி கெடும். கெட்டால் மற்றொன்று செய்யப்படும். தோல்விக்கு விலை இல்லாத இந்நிலையில் அச்சின் நீளத்தையும் துளையின் இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிகிறது.

இந்திய வடிவமைப்புக் கல்வி இத்தகைய பொருள்களின் மதிப்பை ஓரளவு உணர்ந்துள்ளது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பணியாற்றிய சுதர்சன் கன்னா 1983இல் நாட்டார் விளையாட்டுப் பொருள்களின் இயக்க நெறிகளைத் தொகுத்து நூலாக்கினார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அரவிந்த் குப்தா, ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பங்கேற்றபோது, மிதிவண்டி வால்வுக் குழாயையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவியல் உருவங்களைக் கட்டும் முறையைக் கண்டார். சந்தையில் எளிதில் கிடைத்த இரண்டு அன்றாடப் பொருள்கள், அவற்றின் அளவு ஒன்றோடொன்று பொருந்தியமையால், கற்பித்தற் கருவியாயின. தட்டையைப் போன்றே இங்கும் பொருளின் இயல்பை அறிந்த கையே புதுமைக்கு வழிவகுத்தது.

வடிவமா, முறையா?

அன்றாடத்திலிருந்து வடிவமைப்பாளர் பெறவேண்டியது வடிவமா, முறையா என்னும் வினா இங்கு எழுகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் இந்திய அரசின் அழைப்பில் இந்தியாவில் பயணம் செய்து 1958இல் அளித்த அறிக்கை இவ்வினாவுக்கு முன்னோடி விடை. அவ்வறிக்கையில் அவர்கள் சிறப்பித்த பொருள் கோயிற் சிற்பம் அன்று. வீடுதோறும் புழங்கும் நீர்ச்செம்பு. அதன் உருவத்தைப் போற்றுவதோடு அவர்கள் நிற்கவில்லை. கையில் அமையும் அளவு, நிறைந்தபோதும் வெறுமையாக இருந்தபோதும் அதன் எடைச் சமநிலை, ஊற்றும்போது நீரின் போக்கு, துலக்கும் எளிமை, விலை என அதனை உருவாக்கிய காரணிகளை வினாக்களாக அடுக்கினர். எந்தத் தனிமனிதரும் அச்செம்பை வடிவமைக்கவில்லை. தலைமுறைகள் பல அதனைத் திருத்தின என்பது அவர்களது கருத்து. இவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

தமிழ்நாட்டில் கோலம் பற்றிய கணித ஆய்வு இதற்கு இணையான சான்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களை உருவாக்கும் அணி இலக்கணம் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். கோலத்தை அழகிய உருவமாகப் பார்த்தவர் அதனைத் துணியிலும் சுவரிலும் அச்சிட்டனர். இவ்வறிஞர்கள் அதனை விதிகளின் விளையாட்டாகப் பார்த்தமையால் கணினியியலுக்குப் புதிய துறை ஒன்று கிடைத்தது. வாசலில் நாள்தோறும் போடப்பட்டு நாள்தோறும் அழியும் கோலத்தின் உயிர், உருவத்தில் அன்று, மறுநாள் மாற்றிப் போடும் முறையில் உள்ளது.

மருட்கையின் இரண்டு சான்றுகள்

ஜவ்வாது மலையில் இன்று காணப்படும் இரண்டு சான்றுகள், பொருளைக் கண்டு வியக்கும் மருட்கை எவ்வாறு படைப்பாகிறது என்பதை விளக்குகின்றன. கீழ்செப்பிலிப் பகுதியில் கற்பலகைகளால் அமைந்த பெருங்கற்காலக் கல்திட்டைகள் மிகுதியாக உள்ளன. ஈமச் சின்னங்களாகிய இவற்றை மக்கள் வழக்கு வாலியர் வீடு, குள்ளர் குகை என்னும் பெயர்களால் குறிக்கிறது. கற்பலகையின் பெருமையும் உள்ளறையின் சிறுமையும் ஒருங்கே நிற்கும்போது, இத்தனைச் சிறிய வீட்டில் வாழ்ந்தவர் யார் என்னும் வினா எழுகிறது. விடையாகக் குள்ளர் பிறக்கின்றனர். தொல்லியல் நோக்கில் இவ்விடை பிழையாயினும், வடிவத்தின் அளவிலிருந்து அதனைப் பயன்படுத்தியவரை ஊகிக்கும் சிந்தனைமுறை வடிவமைப்பாளரின் சிந்தனைமுறையே.

மற்றொன்று காவலூர் வானியல் ஆய்வகம். இங்கு 1968இல் நோக்காய்வு தொடங்கியபோது பயன்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி, கொடைக்கானல் ஆய்வகத்தின் பின்வளாகத்தில் செய்யப்பட்டது. முழுமையாக உள்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, இந்த ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் கவனத்திற்குரியவை. பின்வளாகத்தில் செய்து பார்க்கும் துணிவே பெருங்கருவியைச் செய்யும் தகுதியாக வளர்ந்தது. கையில் இருப்பதைக்கொண்டு தொடங்கும் பண்பு சிற்றூர்ச் சிறுவருக்கும் பழங்குடி உழவருக்கும் மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டு எதிர்வாதங்கள்

தொழிலில் விளையாட்டைக் காண்பது உழைப்பின் துன்பத்தை மறைக்கும் என்பது முதல் எதிர்வாதம். இது புறந்தள்ளத்தக்கதன்று. ஜவ்வாது மலையின் முதன்மைப் பயிர்களுள் ஒன்றாகிய சாமையின் உமியை உரலில் குற்றி நீக்குவது கடும் உழைப்பு. அதனைச் செய்தவர் பெரும்பாலும் பெண்கள். உமி நீக்கும் இயந்திரம் வந்தமை அவர்களுக்கு விடுதலை. வள்ளைப்பாட்டைக் காக்கும்பொருட்டு உலக்கையை மீட்கவேண்டும் என வாதிடுவது அறமாகாது. விளையாட்டுணர்வு துன்பத்தை நியாயப்படுத்துவதில்லை. துன்பத்திற்கு நடுவிலும் மனிதர் படைப்பாளியாக இருந்தமைக்கு அது சான்று மட்டுமே. பாட்டு போய்விட்டதே என்று வருந்துவதைவிட, உலக்கையினின்று விடுபட்ட கைகளின் படைப்பூக்கம் இன்று எங்குச் செயற்படுகிறது என வினவுதல் ஆய்வுக்குப் பயன்தரும்.

மூங்கிலின் காலம் முடிந்துவிட்டது. அதனைப் பற்றிப் பேசுவது பழம்பெருமை என்பது இரண்டாவது எதிர்வாதம். இதில் சட்ட வரலாறு ஒன்று மறைந்துள்ளது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என வரையறுத்தமையால், அதனை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வனத்திற்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்னும் வரையறையிலிருந்து நீக்கும் திருத்தம் 2017இல் வந்தது. எனவே மலைமக்கள் வாழ்வில் மூங்கிற் பொருள்கள் குறைந்தமைக்கு நெகிழியின் வரவை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. பிழைபட்டால் எறிந்துவிட்டு மற்றொன்றை வெட்டிக்கொள்ளும் உரிமை இருந்தால்தான் ஒருவர் பொருளோடு விளையாட முடியும். பொருள் கைக்கு எட்டாத இடத்தில் கைத்திறன் முதலில் அஞ்சுகிறது, பின்னர் மறைகிறது. படைப்பூக்கம் மனத்தின் இயல்பு மட்டும் அன்று. அது உரிமையோடும் தொடர்புடையது.

ஆவணப்படுத்தலுக்கான கருத்துரைகள்

புழங்குபொருள் ஆவணங்கள் பொதுவாகப் பெயர், மூலப்பொருள், அளவு, செய்முறை, பயன் ஆகியவற்றைப் பதிவுசெய்கின்றன. இம்முறையில் தட்டையைப் பதிவுசெய்தால், ‘கிளி விரட்டும் மூங்கிற் கருவி; வழக்கிழந்தது’ என்பதோடு பதிவு முடியும். அதே பெயர் இசைக்கருவிக்கு வழங்கியமையும் தேரையின் ஒலிக்கு உவமையானமையும் அப்பதிவில் இடம்பெறா. பயன் மறைந்தவுடன் பொருளும் இறந்ததாகக் கணக்கிடப்படும். பயன்மிகை வேறு வடிவில் வாழ்வது கண்ணுக்குப் படாது.

எனவே களப்பதிவில் மூன்று வினாக்களைச் சேர்ப்பது பயன்தரும். முதலாவது, இப்பொருள் தன் பயனுக்கு வேண்டாத எதனை உடன் தருகிறது? ஒலி, மணம், நிழல், அசைவு ஆகியன இதன்கீழ் அடங்கும். இரண்டாவது, இதனைச் செய்பவர் ஒவ்வொரு முறையும் எதனை மாற்றுகிறார், எதனை மாற்றுவதில்லை? ஒரே பொருளின் பல பிரதிகளை ஒப்பிட்டால் மட்டுமே இது புலப்படும். அருங்காட்சியகத்தில் ஒன்றை மட்டும் வைத்தால் மாற்றம் மறைந்து மரபு உறைந்ததாகத் தோன்றும். மூன்றாவது, தொழில் முடிந்தபின் அல்லது பழுதுற்றபின் இப்பொருள் யார் கைக்குச் செல்கிறது, அங்கு என்னவாகிறது? பெரும்பாலும் அது சிறார் கைக்கே செல்லும். அங்குத்தான் அடுத்த வடிவமைப்பு தொடங்குகிறது.

வடிவமைப்பு மாணவர்க்கும் இவ்வினாக்கள் பொருந்தும். பழங்குடி ஓவியத்தின் கோட்டையோ கூடையின் பின்னலையோ எடுத்துப் புதிய பொருளின்மேல் ஒட்டுவது ஊக்கம் பெறுதல் ஆகாது. அது உருவத்தைக் கடன்பெறுதல். அக்கடனில் உரியவரின் பெயரும் பங்கும் பெரும்பாலும் விடுபடுகின்றன. செய்முறையைக் கற்க முற்படுபவரோ உரியவரின் முன் அமர்ந்தே கற்கவேண்டியுள்ளது. முறையைக் கற்றல் அறிவு நிலையில் ஆழமானது. அற நிலையிலும் நேர்மையானது.

முடிவுரை

மலைபடுகடாத்தின் மூங்கிற் கருவிகளும் தொழில் ஒலிகளும் அன்றாட வாழ்வுக்கும் படைப்பூக்கத்துக்கும் உள்ள உறவைத் தெளிவுபடுத்துகின்றன. பொருளின் இயல்பைக் கையால் அறிதல், பயனோடு உடன் தோன்றும் மிகையைக் கவனித்தல், ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்த்தல் ஆகிய மூன்றும் விளையாட்டுணர்வின் படிநிலைகள். இவை ஓய்வில் மட்டும் நிகழ்வன அல்ல. தொழிலின் நடுவிலும் நிகழ்வன. விளையாட்டை உவகைக்கும் ஆக்கத்தை மருட்கைக்கும் நிலைக்களனாக வைத்த தொல்காப்பிய மரபு, இவ்வுறவை விளக்கத் தேவையான கலைச்சொற்களை முன்னரே வழங்கியுள்ளது.

ஜவ்வாது மலை உள்ளிட்ட வட்டாரங்களின் புழங்குபொருள்களைப் பதிவுசெய்யும் பணி பயனை மட்டும் எழுதி நின்றுவிட்டால், பயன் மறைந்த பொருள்களின் பட்டியல் ஒன்றே எஞ்சும். செய்தவரின் மாற்றங்களையும் பொருளின் மிகையையும் சேர்த்துப் பதிவுசெய்தால், அப்பட்டியல் அடுத்துச் செய்ய வருபவர்க்குக் கைந்நூலாகும்.